ரீசைக்கிள் என்றொரு விசை

வேறொருவர் அமைத்த லினக்ஸ் சர்வர் கைக்கு வந்தால், நான் முதலில் திறந்து பார்ப்பது சிஸ்சிடிஎல் கோப்பைத்தான். பல வருடங்களாக அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள் = 1. யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 2017 ஜூலையில் வந்த கெர்னல் 4.12-இல் அந்த விசையையே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். லினக்ஸின் நெட்வொர்க் நிரலில் சாதாரண ஜனங்களுக்காகச் செய்யப்பட்ட நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

டிசிபி இணைப்பு முடிந்ததும், முதலில் மூடியவர் அதை உடனே மறந்துவிடக் கூடாது. வழியில் தாமதமான பழைய பாக்கெட் ஏதாவது வந்து புது இணைப்பில் கலந்துவிடலாம். அதனால் லினக்ஸ் அந்த இணைப்பை 60 விநாடி டைம்-வெயிட் நிலையில் வைத்திருக்கிறது. கூட்டம் அதிகமுள்ள சர்வரில் நெட்ஸ்டாட் போட்டால் இவை ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு ஏதோ நோய் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நினைவகம் மிகக் கொஞ்சம். ஆனாலும் அந்த எண்ணைக் குறைத்துக் காட்ட இந்த விசை இருந்தது. போட்டவுடன் எண்ணும் சட்டென்று குறைந்தது. அது பரவியதற்கு அதுவே போதுமாக இருந்தது.

குறைத்த விதத்தில்தான் கோளாறு. டிசிபி பாக்கெட்டுகளில் ஒரு நேர முத்திரை வரும். விசையைப் போட்டால், ஒவ்வொரு ஐ.பி. முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த முத்திரையை சர்வர் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஒரு நிமிடத்துக்குள் அதே முகவரியிலிருந்து அதைவிடப் பழைய முத்திரையோடு இணைப்புக் கேட்டு வரும் பாக்கெட்டை, பதிலே சொல்லாமல் கீழே போட்டுவிடும். இந்த யோசனையின் வேர் 1992-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1323-இல் இருக்கிறது. ஒரு முகவரிக்கு ஒரு கணினி என்று நம்பலாம் என்றிருந்த காலம் அது. பிறகு நேட் வந்தது. ஒரே கதவு எண்ணுக்குள் பத்துக் குடித்தனம் இருக்கும் ஸ்டோர் வீட்டைப் போல, ஒரே ஐ.பி.க்குப் பின்னால் எத்தனையோ போன்கள். நம் மொபைல் நிறுவனங்களின் நெட்வொர்க்கிலும் அப்படித்தான். ஒவ்வொரு போனின் முத்திரையும் ஒவ்வொரு கணக்கில் ஓடுகிறது. கணக்கில் முந்தியிருப்பவர் ஒருவர் உள்ளே போய்விட்டால், பின்தங்கியவருக்குக் கதவு திறக்காது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஒரு புகார் வந்துகொண்டே இருந்தது. கல்லூரி விடுதியில் ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு மாணவிகளில் ஒருத்திக்குத் தளம் திறக்கிறது, மற்றவளுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அலுவலகத்தில் சோதித்தால் எல்லாம் சரி. சர்வர் லாகில் எதுவுமில்லை. நடக்காத இணைப்புக்கு ஏது பதிவு? ‘போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்’ என்று சொல்லிப் புகாரை மூடினார்கள். பல போன்களில் ரீஸ்டார்ட் செய்ததும் முத்திரையின் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதாவது, சொன்னபடி செய்த பெண் இன்னும் பின்தங்கிப் போயிருப்பாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. கடைசியில் நெட்ஸ்டாட் புள்ளிவிவரத்தில், நேர முத்திரை காரணமாக நிராகரித்த இணைப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது கண்ணில் பட்டது.

நிபுணர் ஆலோசனை இல்லாமல் இதை மாற்றாதீர்கள் என்று கெர்னல் ஆவணம் சொல்லத்தான் செய்தது. நேட் இருந்தால் சிக்கல் என்று மேன் பக்கமும் எச்சரித்தது. ஆனால் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் காப்பியாகிப் போனது அந்த வரி மட்டும்தான். எச்சரிக்கை ஆவணத்திலேயே தங்கிவிட்டது. பயனர்களின் நிரல் எதையும் உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் காட்டும் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இங்கே உடைத்துக்கொண்டிருந்ததே அந்த விசைதான், அதுவும் சத்தமில்லாமல். போதாக்குறைக்கு, 2017 பிப்ரவரியில் வந்த 4.10-இல் ஒவ்வொரு இணைப்பின் முத்திரையும் வெவ்வேறு எண்ணிலிருந்து தொடங்க ஆரம்பித்தது. நேட் இல்லாமல் ஒரே கணினி பேசினால்கூட முத்திரை ஏறுவரிசையில் வரும் என்ற உத்தரவாதம் போயிற்று. விசை நின்றிருந்த ஒரே அனுமானமும் அத்தோடு முடிந்தது.

எடுத்த பிறகும் அது உடனே மறையவில்லை. ரெட் ஹாட் 7-இன் கெர்னல் 3.10, அதன் வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் வரை நீடித்தது. அந்த சர்வர்களில் விசை அப்படியே இருந்தது. அங்கிருந்து புதியதற்கு மாறும்போது, அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற பிழைச்செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு, விசையைத் திரும்பக் கொண்டுவர வழியுண்டா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வரியை அழித்துவிடுங்கள் என்கிறேன். நம் சர்வர் வெளியே ஒரே டேட்டாபேஸுக்கு ஓயாமல் இணைப்புத் தொடுப்பதாக இருந்தால், 32768 முதல் 60999 வரையுள்ள போர்ட்டுகள் தீர்ந்துபோகலாம். அதற்கு டிடபிள்யூ_ரீயூஸ் இருக்கிறது. நாம் தொடங்கும் இணைப்புகளை மட்டுமே அது தொடும். இணைப்பை மூடாமல் திரும்பப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. வருகிற இணைப்புகளை வாங்கும் சர்வர் என்றால், செய்ய வேண்டியது எதுவுமில்லை. டைம்-வெயிட் பத்தாயிரம் தெரிந்தால் தெரியட்டும், 60 விநாடியில் தானே போய்விடும்.