கொட்டாரத்தில் ஒரு விசிறிக்காரர்!

கன்னியாகுமரி டூர்னா என்ன செய்வீங்க? சன்ரைஸ், விவேகானந்தர் பாறை, பாசிமாலை, கலர் மண் பாக்கெட்... அவ்வளவுதான், பஸ் ரிட்டர்ன்! அடுத்த தடவை ஒரு மாறுதலுக்கு, சில கிலோமீட்டர் முன்னாடியே கொட்டாரம் ஸ்டாப்பில் இறங்கிப் பாருங்க.

நாகர்கோவிலில் பஸ் ஏறினால் சுசீந்திரம் கோபுரம், நெல் வயல், வாழை, தென்னை எல்லாம் ஜன்னலோரமா ஓடி வரும். மருந்துவாழ்மலை எட்டிப் பார்க்கும். கொட்டாரம் வந்ததும் முகத்தில் கடல் காற்று அடிக்கும். ஸ்கூலில் மனப்பாடம் பண்ணின மருதமும் நெய்தலும் ஒரே பஸ் டிக்கெட்டில்!

நீங்க போக வேண்டியது வயலுக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் முள்ளுச்செடியோடு கிடக்கிற தரிசுக்கு. நாங்க நாலு பேர் அப்படி ஓர் இடத்தில் குனிந்து குனிந்து நடந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டா ஒருவர், "சும்மா கெடக்க எடத்துல என்னத்த மக்கா தேடுதிய?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். "அது ஓணானுல்லா! அதுக்கா இம்புட்டு தூரம் வந்திய?" என்று ஒரே சிரிப்பு.

ஆமாம், ஓணான்தான். ஆனால் சாதாரண ஓணான் இல்லை பாஸ், விசிறித் தொண்டை ஓணான்! ஆண் ஓணான் ஏதாவது கல்லின் மேல் ஏறி, தொண்டைக்குக் கீழே இருக்கிற தோலை விசிறி மாதிரி விரித்து மூடும். பெண்ணுக்கு அது 'ஹலோ', போட்டிக்கு வருகிற ஆணுக்கு 'தள்ளிப் போ'!

1829-ல் பிரான்ஸ் விஞ்ஞானி குவியே இதில் ஒன்றுக்குப் பாண்டிச்சேரியின் பேரையே வைத்தார். அப்புறம் ரொம்ப காலம், இந்தியாவில் பல ஊர்களில் ஓடின விசிறி ஓணான்களை எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே பேருக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரவீன் கரந்தின் பரிணாம ஆய்வுக் குழு இதைக் கையில் எடுத்தது. தீபக்கும் மற்றவர்களும் ஊர் ஊராகத் தேடினார்கள். பரிணாம ஆராய்ச்சின்னா எந்நேரமும் ஏ.சி. லேப் என்று நினைக்காதீங்க. பாதி வேலை வெயிலில்! மீதி வேலை செதில் எண்ணுவது, கால் நீளம் அளப்பது, டி.என்.ஏ. பிரிப்பது, கம்ப்யூட்டரில் வம்சாவளி மரம் போடுவது.

2016-ல் ரிசல்ட் வந்தது. ஒரே பேருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தன! தமிழ்நாட்டு ஓணான் ஒன்றுக்கு 'சிட்டானா விசிரி' என்று பேர் வைத்தார்கள். நம்ம பனையோலை விசிறியேதான்! அதே வருஷம் தென் தமிழ்நாட்டிலிருந்து இன்னொன்று: 'சிட்டானா மருதம்நெய்தல்'. வயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்வதால் அந்தப் பேர். உங்க தமிழ் சாரிடம் சொல்லிப் பாருங்க, அசந்துபோவார்!

இன்னொரு நியூஸ். மகாராஷ்டிராவின் சால்கேவாடியில் காற்றாலைகளுக்கு நடுவே இதன் சொந்தக்கார ஓணான் ஒன்று வாழ்கிறது. மரியா தாக்கர் குழுவினர் அதை ஆராய்ந்து 2018-ல் எழுதினார்கள். காற்றாலை இருக்கிற இடத்தில் வேட்டையாடும் பறவைகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதனால் ஓணான்கள் பெருகிவிட்டன. பயமும் குறைந்தது, ஆள் பக்கத்தில் வரும்வரை ஓடுவதில்லை. ஆனால் விசிறியின் நிறம் மங்கிப்போயிருந்தது! காத்தாடி சுற்றினால் ஓணானின் கலர் மாறும் என்று யார் நினைத்திருப்பாங்க? முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்த குமரி மாவட்டத்துப் பசங்களே, இதே கேள்வியை நம்ம ஊரில் கேட்டா என்ன? உங்க எம்.எஸ்சி. புராஜெக்ட் ரெடி!

மறுபடி கொட்டாரத்துக்கு வருவோம். ஒரு மணி நேரம் தேடிய பிறகு ஆளைப் பார்த்தோம். தரிசில் பிளாட் போட்டு எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று, நம்ம ஹீரோ விசிறியை விரித்தார். ஒரு முறை, ரெண்டு முறை, மூணு முறை... நாங்கள் மூச்சு விடவில்லை.

நீங்களும் காலை வெயில் ஏறும் நேரத்தில் போங்க. கையால் பிடிக்காதீங்க, துரத்தாதீங்க. கேமராவும் நோட்டும் போதும். தேதி, இடம், எத்தனை பார்த்தீங்க... எழுதி வையுங்க. பெரிய ஆராய்ச்சியெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்குது.

திரும்பும்போது பாட்டாவிடம் விசிறிப் பேரைச் சொன்னோம். "பேரு நல்லாத்தான் இருக்கு மக்கா. இங்க பூரா வீடு வந்தா அது எங்க போவும்?" என்றார்.

எங்கள் நாலு பேரிடமும் பதில் இல்லை. உங்களில் யார் சொல்லப் போறீங்க?