புழு எங்கே?

தமிழில் சில வியாதிகளின் பெயரே அவற்றின் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘புழுவெட்டு’ என்று சொன்ன மாத்திரத்தில், வைத்தியரின் உதவி இல்லாமலே விஷயம் விளங்கிவிடுகிறதல்லவா? தலையில் ஓரிடத்தில் வட்டமாக ரோமம் உதிர்ந்து, தோல் வழவழவென்று தெரிகிறது. ஏதோ ஒரு புழு இராத்திரியில் வந்து வெட்டிவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் புழுவை எவராவது கண்ணால் கண்டதுண்டா என்று நாமும் 2011ஆம் வருஷம் வரையில் யோசித்ததில்லை.

அவ்வருஷம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்து முழுகிய நம் இளைய குமாரிக்குத் தலை பின்னிக் கொண்டிருந்த வீட்டம்மாள் திடீரென்று கையை நிறுத்தினாள். குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது. இடது காதுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு. பத்து நாட்களுக்குள் பிடரியில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று மூன்றாயிற்று.

அதன் பிறகு நம் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் வைத்தியர்களானார்கள். நம் தாயார் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார். எதிர் வீட்டு அம்மாள் வேறு ஏதோ எண்ணெய் கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது: மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றிக் கொள்ளக் கூடுமாகையால், குணமாகும் வரையில் அனுப்ப வேண்டாமாம். அந்தச் சீட்டைக் குழந்தையே கொண்டு வந்து கொடுத்தாள். வரும் வழியில் படித்தும் விட்டாள்.

அன்றிரவு அவள் அக்காளின் தலையணையில் படுக்க மறுத்துத் தரையில் துண்டை விரித்துப் படுத்தாள். “அப்பா! புழு இப்போதும் என் தலைக்குள்ளேதான் இருக்கிறதா?” என்று கேட்டாள். “மருந்து போட்டால் செத்துப் போய்விடும், அம்மா” என்றோம். தேறுதல் சொல்வதாக எண்ணிக் கொண்டு, இல்லாத புழுவுக்குத் தகப்பன் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டோம்!

இதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பலருக்குக் குணமாக்கியவர் என்று பெயர் வாங்கிய உறவினர் ஒருவர், பச்சைப் பூண்டை அரைத்து உச்சியிலிருந்த திட்டின்மேல் வைத்து இரவு முழுவதும் துணியால் கட்டச் சொன்னார். கட்டினோம். குழந்தை எரிகிறதென்று அழுதாள். “எரிந்தால்தான் புழு சாகும்” என்று நாமே சொன்னோம். காலையில் கட்டை அவிழ்த்தபோது அந்த இடம் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது.

அப்புறந்தான் சரும வைத்தியரிடம் ஓடினோம். அவர் புண்ணுக்கு மருந்திட்டார். திட்டுகளின் ஓரத்தை ஒரு பூதக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “குழந்தாய், கையைக் காட்டு” என்றார். தலையைக் காட்ட வந்த இடத்தில் கையைக் கேட்கிறாரே, ரேகை சாஸ்திரமும் தெரியுமோ என்று நாம் விழித்தோம். அவர் பார்த்தது நகங்களை. நாலைந்து விரல் நகங்களில் குண்டூசி முனையால் குத்தியதுபோல் வரிசையாகச் சிறு சிறு குழிகள் இருந்தன. ஒன்பது வருஷமாக அந்த விரல்களுக்கு நகம் வெட்டி வந்த நம் கண்ணில் அவை பட்டதில்லை.

நகத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ரோமமும் நகமும் ‘கெரடின்’ என்னும் ஒரே சரக்கினால் ஆனவை. நகம் அதன் வேரில் உண்டாகி, மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வீதம் முன்னே நகர்ந்து வருகிறது. ஆகவே வேரில் இன்று நேர்ந்த கோளாறு சில மாதங்கள் வரையில் நகத்தின்மேல் எழுத்துப்போல் நிற்கும். கடும் ஜுரத்தில் விழுந்து எழுந்தவரின் நகத்தில் குறுக்கே பள்ளம் விழுவதை 1846ஆம் வருஷத்தில் போ என்னும் பிரெஞ்சு வைத்தியர் எழுதி வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் பீன் என்ற டாக்டர் ஒருவர் 1941 முதல் மாதந்தோறும் தம் இடது கட்டை விரல் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு கோடு கீறி, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து வந்தார். ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, 35 வருஷம்! 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67 வயதில் 0.095 மில்லிமீட்டர்தான் வளர்ந்ததாம். இவருடைய வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் யோசித்ததுண்டு. ஆனால் தன் விரலைத் தானே இவ்வளவு பொறுமையாகப் பார்த்த ஒருவருக்கும், பெற்ற பெண்ணின் விரலைப் பார்க்காத நமக்கும் உள்ள தூரத்தை அன்று அந்த வைத்தியசாலையில் உணர்ந்தோம்.

டாக்டர் சொன்னதன் சாராம்சம் இது: புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. இது தொத்து வியாதியல்ல. தலையில் படை என்று ஒன்று உண்டு, அது பூஞ்சைக் காளானால் வருவது, தொற்றக் கூடியது, திட்டின்மேல் செதிளும் அரிப்பும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றுவதால்தான் பள்ளிக்கூடத்தார் பயந்தார்கள். ஐரோப்பாவிலும் பெரிய பெரிய வைத்தியர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கிருமி நோய் என்றே நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். கிரேக்கர்களோ, ரோமம் உதிர்வதற்கே நரியின் சொறியை நினைத்துப் பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு நரி, நமக்குப் புழு.

உண்மையில் வெட்டுவது யார்? உடம்பைக் காக்க வேண்டிய நம் சொந்த வெள்ளை அணுக்களேதான். ரோமத்தின் வேரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவை தேனீக் கூட்டம்போல் மொய்த்துக் கொண்டிருப்பது தெரியும். சாதாரணமாக ரோம வேர் இந்தக் காவற்காரர்களின் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழ்கிறது. என்ன காரணத்தாலோ அந்த மறைவு கலைந்ததும், காவற்காரர்கள் வீட்டுக்காரனையே திருடனென்று அடிக்கிறார்கள். அடிபட்ட ரோமம் அடியில் மெலிந்து நுனியில் தடித்து, ஆச்சரியக்குறி போல் நிற்கிறது. டாக்டர் பூதக் கண்ணாடியால் தேடியது அந்த ஆச்சரியக்குறிகளைத்தான். ஆனால் எவ்வளவு அடித்தாலும் வேர் சாவதில்லை, தூங்குகிறது. திட்டு ஒன்றிரண்டோடு நின்றவர்களில் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைத்துவிடுகிறது.

“வேர் சாவதில்லை” என்று சொன்னபோது டாக்டர் உச்சியிலிருந்த புண்ணைப் பார்க்கவில்லை. நாம் பார்த்தோம்.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்துடன் குழந்தை மறுபடியும் பள்ளிக்கூடம் சென்றாள். காதுக்கு மேலும் பிடரியிலும் ஐப்பசியில் பூனை மயிர்போல் வெள்ளையாக முளைத்தது, பொங்கலுக்குள் கறுத்துவிட்டது. உச்சியில் கொப்பளித்த இடத்தில் மட்டும் வடு விழுந்தது. அங்கே இன்றுவரை ஒரு ரோமம்கூட முளைக்கவில்லை. வியாதி எடுத்துக் கொண்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டது. நாம் எடுத்துக் கொண்டதுதான் திரும்பவில்லை.

பிற்பாடு இவ்விஷயமாகக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தோம். நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏஞ்சலா கிறிஸ்டியானோ என்னும் அம்மையார், அவருக்கே இந்த வியாதி வந்ததுண்டு, தம் கூட்டாளிகளுடன் 1,054 நோயாளிகளின் ஜீன்களை நோயில்லாத 3,278 பேருடைய ஜீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ‘இங்கே ஆபத்து’ என்று வெள்ளை அணுக்களுக்குக் கொடி காட்டும் பொருள் ஒன்று நோயாளிகளின் ரோம வேரில் மிகுந்திருப்பது தெரிந்தது. நீரிழிவின் ஒரு வகைக்கும் கீல்வாதத்தின் ஒரு வகைக்கும் சம்பந்தப்பட்ட ஜீன்களே இதிலும் இருந்தன. இது வெளியானது 2010இல். அதாவது நாம் பூண்டு அரைத்ததற்கு ஒரு வருஷம் முன்னால்.

2014இல் அதே கூட்டத்தார், வெள்ளை அணுக்களுக்குள் செய்தி கொண்டு செல்லும் ‘ஜாக்’ என்ற தூதனைத் தடுத்தால் எலிகளுக்கு ரோமம் முளைப்பதைக் காட்டினார்கள். அவ்வருஷமே யேல் சர்வகலாசாலை டாக்டர்கள், உடம்பில் ரோமமே இல்லாதிருந்த 25 வயது வாலிபர் ஒருவருக்கு, கீல்வாதத்துக்குக் கொடுக்கும் டோஃபாசிட்டினிப் என்னும் மாத்திரையைக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் தலை நிறைய முடி, புருவமும் இமையும்கூட. 2022இல் பாரிசிட்டினிப் என்ற மருந்தின் பரிசோதனை முடிவுகள் வந்தன. தலைமுடியில் பாதிக்கு மேல் இழந்த 1,200 பேர் இரண்டு பரிசோதனைகளில் கலந்து கொண்டார்கள். அதிக அளவு மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு ஒன்றிலும், 36 பேருக்கு மற்றொன்றிலும், 36 வாரத்தில் தலையில் ஐந்தில் நாலு பங்காவது முடி மூடிவிட்டது. வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு ஆறு, மூன்று என்ற கணக்குத்தான். அவ்வருஷம் ஜூன் மாதம் அமெரிக்க சர்க்கார் அம்மருந்தை அங்கீகரித்தார்கள். மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடியும் உதிர்கிறது. காவற்காரர்களை அடக்குவதால் வேறு நோய்கள் உள்ளே நுழையவும் இடமுண்டு. ஆகையால் இது கடையில் கேட்டு வாங்கித் தின்னும் பண்டமல்ல.

நம் தாயாருக்கு நியாயம் செய்யாமல் விடக் கூடாது. 2002ஆம் வருஷத்தில் பாக்தாத் நகரத்து வைத்தியர்கள் 23 பேருக்கு வெங்காயச் சாற்றைத் தினம் இரண்டு வேளை தடவி, 20 பேருக்கு முடி முளைத்ததாக எழுதியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் தடவிய 15 பேரில் இரண்டு பேருக்குத்தான் முளைத்ததாம்! தானாகவே குணமாகக் கூடிய வியாதியில் இவ்வளவு சிறிய பரிசோதனையை வைத்துக் கொண்டு சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் நம் தாயாரிடம் இதைப் படித்துக் காட்டியபோது, அவர் பாக்தாத் வைத்தியர்களை மிகவும் கெட்டிக்காரர்கள் என்றார்.

2022 கார்த்திகையில் நம் குமாரிக்கு, அப்போது இருபது வயது, பிடரியில் மறுபடியும் ஒரு திட்டு கண்டது. இந்தத் தடவை அவளே நகங்களைப் பார்த்தாள். அவளே டாக்டரிடம் போனாள். ஒரு திட்டுக்குப் பெரிய மாத்திரை வேண்டியதில்லை, அந்த இடத்தில் ஊசி போட்டால் போதும் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக் கொண்டே உச்சி வடுவை மறைத்து வாரி முடிந்து கொண்டாள்.

அதற்குள் நம் தாயார் சமையலறையிலிருந்து சின்ன வெங்காயமும் கையுமாக வந்துவிட்டார்.

“தாராளமாகத் தேயுங்கள், பாட்டி!” என்று தலையைக் குனிந்து கொடுத்தாள் குமாரி. “பூண்டுக் கூடை இருக்கும் பக்கம் மட்டும் அப்பாவைப் போகவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.”

நாம் கையிலிருந்த பத்திரிகையைச் சற்று உயர்த்தி முகத்துக்கு நேரே பிடித்துக் கொண்டோம்.