கண்ணும் விசாரிக்கப்படும்



2002 பிப்ரவரியில் 'ரோலர்பால்' என்றொரு ஹாலிவுட் திரைப்படம் வெளிவந்தது. 1975இல் நார்மன் ஜூவிசன் இயக்கிய அதே பெயருடைய படத்தின் மறு ஆக்கம் அது. 'டை ஹார்ட்' படத்தால் புகழ்பெற்ற ஜான் மெக்டியர்னன் அதனை இயக்கினார். ஏறத்தாழ 7 கோடி டாலர் செலவிட்டு எடுத்த அந்தப் படம், உலகம் முழுவதும் சேர்த்து 2.6 கோடி டாலர் அளவே ஈட்டியது. விமர்சகர்களும் ஏறக்குறைய ஒரே குரலில் அதனை நிராகரித்தனர்.

எவரும் நினைவில் வைத்திராத ஒரு தோல்விப் படத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டிய தேவை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். திரைப்படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் சட்ட விவாதம் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. ஆனால், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கைப்பேசி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் இத்தகைய காட்சிகள் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. அவற்றை எப்படி எடைபோடுவது என்பதற்கு இந்தப் படத்தின் கதையும், அந்தப் படத்துக்கு நேர்ந்த கதையும் நமக்கு நல்லதொரு பாடம்.

முதலில் மூலப் படத்தைப் பார்ப்போம். வில்லியம் ஹாரிசன் 1973இல் எழுதிய ஒரு சிறுகதையே அதற்கு அடிப்படை. கதை நடக்கும் ஆண்டு 2018. அன்றைய கண்ணுக்கு அது எதிர்காலம். அந்த உலகில் நாடுகள் இல்லை. எரிசக்தி, உணவு, போக்குவரத்து என்று ஒவ்வொரு துறையையும் ஒரு பெருநிறுவனம் ஆள்கிறது. மக்களுக்கு எல்லா வசதிகளும் உண்டு, முடிவெடுக்கும் உரிமை மட்டும் இல்லை. அவர்களைக் கட்டிப்போட ஒரு விளையாட்டைத் தந்திருக்கிறார்கள். வட்டமான ஓடுதளத்தில் சக்கரக் காலணி அணிந்தவர்களும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களும் ஓர் இரும்புப் பந்துக்காக மோதிக்கொள்வார்கள். எலும்பு முறியும், உயிரும் போகும். அரங்கம் ஆர்ப்பரிக்கும்.

வன்முறைக்கு எதிரான படமாகவே ஜூவிசன் இதனை எடுத்தார். ஆனால், படத்தைப் பார்த்த சிலர் இந்த விளையாட்டை உண்மையிலேயே நடத்தலாமே என்று ஆர்வம் காட்டினர். அது அவருக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. கண்டிப்பதற்காகக் காட்டியதே கவர்ச்சியாகிவிட்டது. கண் வழியாக உள்ளத்துக்குச் செல்லும் காட்சி, இயக்குநரின் நிய்யத்தைக் கேட்டுக்கொண்டு செல்வதில்லை.

மறு ஆக்கத்தில் பெருநிறுவனங்களின் ஆட்சி இல்லை. கதை கஜகஸ்தானுக்கு மாறிவிட்டது. விளையாட்டின் உரிமையாளனுக்கு முன்னால் எந்நேரமும் ஓர் அளவீடு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நொடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே அது. இரத்தம் சிந்தும்போதெல்லாம் அந்த எண் ஏறுவதை அவன் காண்கிறான். உடனே விபத்துகளைத் திட்டமிட்டு நடத்தத் தொடங்குகிறான். வீரர்களின் உயிர் அவனுடைய வியாபாரச் சரக்காகிறது.

நல்ல கருத்துத்தான். பார்ப்பவரின் எண்ணிக்கையே கொலைக்கு விலை கொடுக்கிறது என்னும் இந்தச் சிந்தனை, காணொளிகளின் கீழே பார்வை எண்ணிக்கையைப் பார்த்துப் பழகிய நமக்கு அன்றைவிட இன்று நன்றாகவே புரியும். ஆனால், இந்தக் கருத்தைச் சொன்ன படமே அதே எண்ணிக்கைக்குப் பணிந்தது என்பதுதான் வேதனை.

முதலில் வயது வந்தோருக்கான படமாகவே அதனை எடுத்தார்கள். 2001 கோடையில் வெளியிடத் திட்டமிட்டு, பிறகு தள்ளிவைத்தார்கள். 13 வயதுப் பிள்ளைகளும் பெற்றோரின் துணையின்றித் திரையரங்குக்குள் வரும்படியான தரச்சான்றைப் பெறுவதற்காகக் காட்சிகளை வெட்டினார்கள். வெட்டப்பட்டவற்றில் இரத்தம் முக்கியமானது. மோதல் இருந்தது, வேகம் இருந்தது, விழுவது இருந்தது. விழுந்தவனுக்கு நேர்ந்தது மட்டும் காணாமற்போனது.

எங்கள் வீட்டில் ஒருநாள் இப்படத்தின் சில காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த மகன், "வாப்பா, இதுலதான் இரத்தமே இல்லையே, பார்த்தா என்ன?" என்று கேட்டான். பிள்ளையின் கேள்வியில் தவறில்லை. தரச்சான்று கொடுக்கும் பெரியவர்களும் இதே அளவுகோலைத்தானே வைத்திருக்கிறார்கள்! ஆனால், அந்த அளவுகோல் சரிதானா என்பதைப் பெற்றோராகிய நாம் யோசிக்க வேண்டும். அடித்தால் வலிக்கும், விழுந்தால் உடையும், போன உயிர் திரும்பாது என்பதைக் காட்டும் காட்சி, குறைந்தபட்சம் உண்மையைச் சொல்கிறது. வலியை மறைத்துவிட்டு அடியை மட்டும் இனிப்பாக ஊட்டும் காட்சி பொய் சொல்கிறது. வயது குறைந்த பிள்ளைக்கு எது அதிகக் கேடு என்று நாம்தான் சீர்தூக்க வேண்டும்.

மார்க்கம் விளையாட்டுக்கு எதிரானதன்று. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளை வைத்து வீர விளையாட்டு விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அலுக்கும்வரை அதனைப் பார்க்கட்டும் என்று, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. பார்ப்பதும் மகிழ்வதும் அங்கே தடுக்கப்படவில்லை. ஆயுதம் ஏந்திய அந்த ஆட்டத்தில் திறமை இருந்தது. ஒருவர் அழிவதில் இன்னொருவர் இன்பம் காண்பது இருக்கவில்லை.

எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை முஸ்லிமில் இடம்பெறும் இன்னொரு நிகழ்ச்சி காட்டுகிறது. சில இளைஞர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் சொந்தக்காரருக்கு என்பது அவர்களுக்குள் பேச்சு. அவ்வழியே வந்த இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் விளையாடுபவன் இருக்கிறான், வருமானம் பெறும் உரிமையாளன் இருக்கிறான், துடிக்கும் உயிர் இருக்கிறது. 7 கோடி டாலர் செலவில் காட்டிய அந்த அரங்கத்தில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஒரு பறவைக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், மனிதனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? உண்மையான சண்டையில்கூட முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கச் சொன்ன மார்க்கம் இது.

"படத்தில் யாரும் உண்மையாகச் சாகவில்லையே, நாம் பார்க்கத்தானே செய்கிறோம்" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், நடிப்பைப் பார்ப்பதும் கொலையைப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆயினும் 'பார்க்கத்தானே செய்கிறோம்' என்னும் சொல்லை அருள்மறை அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. அல்புரூஜ் அத்தியாயத்தில் அகழ்வாசிகளின் வரலாறு வருகிறது. நம்பிக்கையாளர்களை நெருப்புக் குண்டத்தில் தள்ளிய அந்தக் கொடியவர்கள், அதன் அருகே அமர்ந்திருந்ததையும், நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அல்லாஹ் தனியே எடுத்துச் சொல்கிறான் (85:6-7). செய்த கொடுமையோடு, உட்கார்ந்து பார்த்த அந்த மனநிலையும் பதிவாகிறது. பனூ இஸ்ராயீல் அத்தியாயமோ செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றுமே விசாரணைக்குரியவை என்று எச்சரிக்கிறது (17:36). பிறர் துடிப்பதைக் கண்டு பழகிய கண், நாளை தெருவில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கும் கண்ணாகிவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் கவலை.

மறு ஆக்கம் கஜகஸ்தானுக்குப் போனதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. இமாம் புகாரி (ரஹ்) பிறந்த மண்ணுக்கு அண்டை நாடு. திரையில் அது சட்டமற்ற பூமியாகவும், இரத்தத்துக்கு அலறும் கூட்டமாகவும் வருகிறது. மூலப் படம் குற்றத்தை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்திலேயே வைத்து, திரையரங்கில் இருப்பவரை நோக்கி விரல் நீட்டியது. மறு ஆக்கமோ 'இரத்தவெறி எங்கோ தொலைவில் உள்ளவர்களுக்கு' என்று பார்வையாளரைத் தேற்றி அனுப்பிவிட்டது.

இரு படங்களின் முடிவும் வேறு வேறு. மறு ஆக்கத்தில் பழிதீர்த்தலும் கலவரமுமாகக் கதை முடிகிறது. மூலப் படத்தின் கடைசி ஆட்டத்தில் விதிகளே இல்லை. ஒருவரையொருவர் கொன்று தீர்க்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நாயகன் ஜோனதனின் கையும் அதில் தூய்மையானதன்று. ஆனால், எதிரணியின் கடைசி ஆள் தன் பிடியில் கிடக்கும்போது, ஓங்கிய கையை அவன் நிறுத்துகிறான். எழுந்துபோய்ப் பந்தை இலக்கில் போடுகிறான். மற்போரில் வீழ்த்துபவனைவிடக் கோபத்தின்போது தன்னை அடக்குபவனே வலிமையாளன் என்னும் நபிமொழியைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காட்சியின் பொருள் நமக்குப் புதிதன்று.

இந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டிலுமே ஒரு முஸ்லிம் குடும்பம் சேர்ந்து பார்க்கத் தகாத பகுதிகள் உண்டு. நாங்கள் கேட்டுக்கொள்வது வேறு. தரச்சான்றின் எண்ணை மட்டும் நம்பிப் பிள்ளைகளின் கையில் திரையைக் கொடுத்துவிட வேண்டாம். அவர்கள் ஒரு காட்சியைப் பார்த்துக் கைதட்டும்போது அருகில் அமருங்கள். அடிபட்டவனுக்கு என்ன ஆனது, அவனுடைய உம்மா இதைப் பார்த்தால் என்ன செய்வார், இதில் யாருக்குக் காசு சேர்கிறது என்று மெதுவாகக் கேளுங்கள். திட்டிப் பறிப்பதைவிட அந்தக் கேள்விகள் நெடுநாள் நிலைக்கும்.

நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் பார்வையும் அந்த அமானிதத்தில் அடங்கும். பிறர் வலியைக் கண்டு இளகும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.