கரையழகும் கடல் விளக்குகளும்

கடற்கரை நாடுகளைப் பற்றிய பயண நூல்களிலே எமக்கு மாணவப் பருவந்தொட்டே ஒரு மோகம் உண்டு. வயல் சூழ்ந்த ஊரிலே பிறந்து, கடலை ஆண்டுக்கொரு முறை தீர்த்தத் திருவிழாவன்று மட்டுமே கண்டு வளர்ந்தவர் நாம். பல்கலைக்கழகத்திலே நெய்தற்றிணையைப் பயின்றபோதும், இரங்கலும் இரங்கல் நிமித்தமும் எவையெனப் பரீட்சைக்கு எழுதத் தெரிந்ததேயன்றி, வலை எவ்வாறு போடப்படுகிறது என்பது தெரியாது. அந்தக் குறையைப் பயண நூல்கள் நிரப்பிவிடும் என்று நம்பினோம்.

இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டிலே புத்தளத்துக் கரையில் இறங்கினார். வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் அங்கே குன்றுபோற் குவிந்து கிடந்தனவென்றும், எதிர்க்கரை நாட்டவர் விலை கொடாமலே அவற்றை ஏற்றிச் சென்று, கைம்மாறாக மன்னருக்குத் துணிகள் அளித்தனரென்றும் அவர் எழுதிவைத்தார். குடியேற்ற ஆட்சியின் அதிகாரியாக 1904 முதல் 1911 வரை இலங்கையிலிருந்த லெனாட் வுல்ஃப், 1906 ஆம் ஆண்டிலே மரிச்சுக்கட்டி முத்துச் சலாபத்திற் கடமையாற்றியவர். 1961 இல் வெளியான தமது வரலாற்று நூலிலே அவர் முத்தின் ஒளியை மாத்திரமா எழுதினார்? சிப்பி அழுகும் நாற்றத்தையும், மொய்த்த ஈக்களையும், மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கே கிடைத்ததையும் எழுதினார்.

இந்நூல்களின் சுவை எமது நாவிலே இருக்க, சில ஆண்டுகளுக்கு முன் மன்னார்ப் பகுதிப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றலாகிச் சென்றோம். பெருக்கு மரங்களையும், அல்லிராணிக் கோட்டை என்று மக்கள் வழங்கும் அரிப்பு மாளிகையின் இடிபாட்டையும் கண்டு வியந்தோம். 1801 க்கும் 1804 க்கும் இடையிலே ஆள்பதி நோர்த் கட்டுவித்த மாளிகை அது. வியந்தபின் எழுதாமலிருக்க முடியுமா? பாடசாலைச் சஞ்சிகைக்கு 'கரையிலே ஓரிரவு' என்றொரு பயணக் கட்டுரை வரைந்தோம். வள்ளங்கள் மணலிலே களைப்பாறித் துயின்றன என்றும், தொலைவிலே விண்மீன்கள் கடலில் இறங்கி வந்ததுபோல விளக்குகள் வரிசையாய் மின்னின என்றும் அதிலே எழுதினோம். சக ஆசிரியர்கள் பாராட்டினார்கள். எமக்கும் மகிழ்ச்சிதான்.

ஒருநாள் வகுப்பு முடிந்தபின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சஞ்சிகையுடன் மேசையருகே வந்து நின்றாள். கடற்றொழிலாளி ஒருவரின் மகள்.

"சேர், நீங்கள் எழுதியிருக்கிறது எங்கட விளக்குகள் இல்லை. அது அக்கரை இழுவைப் படகுகள். திங்கள், புதன், சனி இரவுகளில அதுகள் வரும். அண்டைக்கு வலை போட்டால் அறுத்துக்கொண்டு போயிடும். அதாலதான் எங்கட வள்ளம் கரையில கிடந்தது."

சற்றுத் தயங்கிவிட்டு, "அண்டைக்கு அப்பா நித்திரை கொள்ளேல்லை, சேர்" என்றாள்.

அவள் குறை கூறவில்லை. தமிழ் வாத்தியாருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்தினாள், அவ்வளவுதான். ஆயினும் அன்றிரவு எமக்கும் உறக்கம் வரவில்லை. அவள் வீட்டு அடுப்பை அணைத்த விளக்குகளையல்லவா நாம் விண்மீன்கள் என்று பாடியிருந்தோம்!

அக்கரைப் படகுகளிலே உழைப்பவர்களும் தமிழ் பேசும் ஏழைகளே. படகு வேறொருவருடையது, கூலிதான் அவர்களுடையது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 ஆம் ஆண்டிலே சட்டமியற்றித் தடைசெய்தது. அதன் பின்னரும் அறுந்த வலைகள் கரைசேர்ந்தன. பகைமை மூட்டிப் பேசுவோருக்கு இது இரு நாட்டுப் பூசல். அந்த மாணவிக்கோ இது வாரத்தில் மூன்று இரவுகள், ஒரு வலைக்கு வாங்கிய கடன்.

அப்படியாயின் பயண நூலின் கவர்ச்சி பொய்யா? அன்று. கறுவாக் குன்று இன்றும் எம்மைக் கவர்வது அது அழகாயிருந்தமையால் மட்டுமல்ல. அதை யார் எடுத்தார், யாருக்கு என்ன கொடுத்தார் என்று அந்த யாத்திரிகர் கேட்டறிந்து எழுதியமையாலுமே. வுல்ஃப் ஆள்வோரின் பக்கத்தில் நின்றவரேயெனினும் பங்கை மறைக்கவில்லை. நாமோ கேட்கவேயில்லை. கரையிலிருந்த ஒரு கிழவரிடமேனும் "ஐயா, அது என்ன விளக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எமது கட்டுரை வேறாகியிருக்கும். அழகு குறைந்திராது, பொய் குறைந்திருக்கும்.

அடுத்த சஞ்சிகைக்கு அம்மாணவியையே எழுதச் சொன்னோம். தண்டல், சம்மாட்டி, வாடி, களங்கண்ணி என்று அவள் எழுதிய சொற்களிலே சிலவற்றின் பொருளை அவளிடமே கேட்டறிந்தோம். எழுத்துப் பிழைகளைத் திருத்தினோம், வேறெதையும் தொடவில்லை.

இப்பொழுதும் விடுமுறையில் அக்கரைப் பக்கம் செல்வதுண்டு. இருளிலே தொலைவில் விளக்குகள் வரிசையாய்த் தெரிகையில் அவை அழகாகத்தான் இருக்கின்றன. ஆயினும் இன்று என்ன கிழமை என்பதையே முதலில் எண்ணிப் பார்க்கிறோம்.