ஆண்மை ஊசியும் நாம் சொன்ன தவறான ஆலோசனையும்



மார்க்கக் கல்வியில் பட்டயம் பெற்று, பல ஆண்டுகளாக மதரசாவில் பாடம் நடத்தி வருகிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள் என மாணவர்களுக்கு அடிக்கடி அறிவுறுத்துவோம். அந்தப் பாடத்தை நாமே மறந்துபோன ஒரு நிகழ்வை இங்கே எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம்.

எமது துணைவியாரின் தம்பிக்கு நிகாஹ் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் எம் அருகே வந்தமர்ந்தார். "மச்சான், உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்கள். உடம்பும் தேறுமாம், குழந்தை பாக்கியத்துக்கும் நல்லதாம். போடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அது ஆணின் உடலில் இயல்பாகவே சுரக்கும் பொருள் என்பதைத் தவிர எமக்கு வேறொன்றும் தெரியாது. இருப்பதைக் கூட்டினால் நன்மைதானே என்று எண்ணினோம். "ஹராமான பொருள் எதுவும் கலக்கவில்லை என்றால் போட்டுக்கொள் தம்பி" என்றோம். ஹலாலா ஹராமா என்று யோசித்த நாம், மருத்துவரைப் பார்த்தாயா என்று கேட்கவில்லை.

எட்டு மாதங்கள் ஊசி தொடர்ந்தது. தோள்கள் அகன்றன, புஜங்கள் திரண்டன. குழந்தை மட்டும் உண்டாகவில்லை. "இவன் நன்றாகத்தானே இருக்கிறான், குறை அவளிடம்தான்" என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தது. அந்தப் பெண்ணை மருத்துவமனை மருத்துவமனையாக அலைய வைத்தார்கள். அவருக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எதுவும் மிச்சமில்லை. கடைசியில் ஒரு மருத்துவர், கணவரின் விந்தணுப் பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை. எடுத்துப் பார்த்தபோது, ஓர் அணுகூட இல்லை என்று முடிவு வந்தது.

மைத்துனருடன் மருத்துவரிடம் நாமும் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான், டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுவையும் உண்டாக்குமாறு விரைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. வெளியிலிருந்து ஊசி மூலம் டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்ததும், போதுமானது இருக்கிறது என்று கருதி அச்சுரப்பி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு கூடுகிறது, விரைகளுக்குள்ளோ வற்றிப்போகிறது. விந்தணு உருவாவதற்கு விரைகளுக்குள் இருக்க வேண்டிய அளவு, இரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். உலக சுகாதார நிறுவனம், வாரத்திற்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்து, 1990-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டது. கருத்தடைக்கெனச் சோதிக்கப்பட்ட ஒன்றைக் குழந்தை பாக்கியத்திற்கென்று நாம் பரிந்துரைத்திருக்கிறோம்! அன்று தலை குனிந்தோம்.

இந்தச் சிகிச்சை குறித்து மேலும் சில தவறான எண்ணங்கள் எம்மிடம் இருந்தன. உங்களில் சிலரிடமும் இருக்கலாம் என்பதால் சொல்கிறோம்.

களைப்பும் நாட்டக் குறைவும் ஏற்பட்டாலே டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. காலை வேளையில், வெவ்வேறு நாள்களில் இருமுறை இரத்தம் சோதித்தே அதை உறுதி செய்ய வேண்டும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அதற்குரிய அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று பல மருத்துவர்கள் கொள்கிறார்கள். சர்க்கரை நோய், உடல் பருமன், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றாலும் அளவு குறையும். உடல் எடையைக் குறைத்தாலே அளவு உயர்பவர்கள் உண்டு.

அதே வேளையில், இது வெறும் ஆடம்பர ஊசி என்று ஒதுக்குவதும் தவறு. பிறவியிலேயே மரபணுக் குறைபாடு உள்ளவர்கள், பொன்னுக்கு வீங்கியால் விரைகள் பாதிக்கப்பட்டவர்கள், பிட்யூட்டரியில் கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கு இது தேவையான மருந்து. இன்சுலின் போட்டுக்கொள்பவரை நாம் பழிப்பதில்லை, இவர்களையும் பழிக்கலாகாது. நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

ஊசி போட்டால் மாரடைப்பு நிச்சயம் என்ற அச்சமும் உண்டு. குறைபாடும் இதயநோய் அபாயமும் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத் துடிப்பும் நுரையீரல் இரத்தக்கட்டியும் சற்றே அதிகமாகக் காணப்பட்டன. இரத்தம் தடித்துப்போவதும் உண்டு. எனவே இரத்தத்தையும் புராஸ்டேட்டையும் அவ்வப்போது சோதிக்கும் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. தோலில் பூசும் ஜெல் வடிவ மருந்தாயின், பூசிய இடத்தை மூடாமல் பிள்ளைகளைத் தூக்கினால் அது அவர்கள் உடலிலும் சேர்ந்துவிடும். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இது விலங்கிலிருந்து எடுப்பதாயிற்றே என்று கேட்போரும் உண்டு. 1935-இல் முதன்முதலாகக் காளைகளின் விரைகளிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இன்றைய மருந்துகள் பெரும்பாலும் சோயா போன்ற தாவரப் பொருள்களை மூலமாகக் கொண்டு தயாராகின்றன. ஊசி மருந்துகள் ஆமணக்கெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் கலந்து வருகின்றன. மாத்திரையின் மேலுறை ஜெலட்டினாக இருந்தால் மட்டும் விசாரித்துக்கொள்வது நல்லது.

மைத்துனர் ஊசியை நிறுத்தி, முறையான சிகிச்சைக்கு மாறினார். ஏறத்தாழ ஓராண்டு கழித்தே அணுக்கள் திரும்பத் தொடங்கின. குழந்தை பாக்கியம் இன்னும் கிட்டவில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம்.

ஆனால் எமக்கு ஒரு கடன் பாக்கி இருந்தது. ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவர்கள் வீட்டுக்குச் சென்று, பெரியவர்கள் முன்னிலையில், நடந்ததில் எம் பங்கு என்ன என்பதைச் சொல்லி, மைத்துனரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டோம். கதவோரம் நின்றிருந்த அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னைச் சோதிக்கும்போது யாரும் வெட்கப்படவில்லையே அண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் இன்றும் எம் நெஞ்சில் இருக்கிறது. ஆணின் வெட்கத்தைக் காக்க, பெண்ணின் மானத்தையும் உடலையும் அல்லவா விலையாகக் கொடுத்தோம்! கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை போன்றவர்கள் என்று நாம்தான் நிகாஹ் மேடைகளில் பேசுகிறோம். அந்த ஆடை ஒருவரை மட்டும் மறைப்பதற்கு உரியதன்று.

ஆகவே சகோதரர்களே, குழந்தை தாமதமானால் முதல் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். எவரேனும் ஊசி போடச் சொன்னால் மருத்துவரிடம் கேளுங்கள். எம்மைப் போன்ற உஸ்தாத்மார்களிடம் துஆவைக் கேளுங்கள், மருந்தைக் கேட்காதீர்கள்.

அறியாமல் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக. பிள்ளைச் செல்வத்துக்காக ஏங்கும் இல்லங்களில் அவன் குளிர்ச்சியை இறக்குவானாக. ஆமீன்.