சுவடு விடாத நீர்

உயர்பதவிகளை எய்திக் கல்லூரிக்குப் புகழ் தேடித்தந்த பழைய மாணவர்களைப் பற்றி அன்பர் பலர் இம்மலரில் எழுதுவர். நாம் எழுதப் புகுந்தது, கண்டி நகரில் யன்னற் கண்ணாடி கழுவுதலைத் தொழிலாகக் கொண்ட ஒரு பழைய மாணவரைப் பற்றியாகும். “படித்த பிள்ளைக்கு இதுவா தொழில், ஐயா?” என அவர்தம் தந்தையார் நம்மிடம் வந்து மனம் வருந்தியதுண்டு. அவருக்கு நாம் கூறிய விடையே இக்கட்டுரை.

ஏணிமீதேறி, வாளியுங் கந்தையுங் கொண்டு கண்ணாடி துடைப்பதே இங்கு வழக்கம். மலைச்சரிவிற் கட்டிய மாடிவீடுகளில் ஏணி ஊன்றச் சமநிலம் கிடைப்பதரிது. நம் மாணவரோடு வேலை செய்த இளைஞர் ஒருவர் வழுக்கி வீழ்ந்து, காலெலும்பு முறிந்து, நெடுநாட் படுக்கையிற் கிடந்தார். அன்றே, “இனி ஏணி வேண்டா” என நம் மாணவர் உறுதி பூண்டார்.

நிலத்தில் நின்றவாறே, நீண்ட கோலின் நுனியிலுள்ள தூரிகைக்கு நீரைச் செலுத்திக் கழுவும் முறையொன்று மேல்நாடுகளில் உண்டு. அம்முறையிற் கண்ணாடியைத் துடைத்தல் இயலாது; நீர் தானே உலர வேண்டும். குழாய்நீர் உலர்ந்தாற் கரைந்துள்ள உப்புக்கள் வெண்புள்ளிகளாய் எஞ்சும். 10 இலட்சம் பங்கு நீரிற் கரைபொருள் 10 பங்குக்கு மேற்படலாகாது என்பது இத்தொழிலோர் கொள்ளும் அளவு. ஆகவே, ஏணியைக் கைவிடுதற்கு நீரைத் தூய்மையாக்குதல் இன்றியமையாததாயிற்று.

கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் மகாவலியிலிருந்து எடுத்துத் தெளிவித்துக் குளோரீன் சேர்த்து அனுப்பப்படும் நீர் குடிப்பதற்கு உகந்தது. கண்ணாடிக்கு அது போதாது. தொலமைற்றுக்கல் அகழப்படும் திகனைப் பக்கத்துக் கிணற்றுநீரிற் கல்சியமும் மகனீசியமும் இன்னும் மிகுதி. குடிநீர் வேறு, தூயநீர் வேறு என்பதே அவர் கற்ற முதற்பாடம்.

1960 ஆம் ஆண்டளவிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் சிட்னி லோப் என்பாரும் இந்தியரான சௌரிராஜனும் உருவாக்கிய மென்சவ்வு இதற்கு வழிகாட்டியது. அழுத்தங்கொடுத்துச் செலுத்தினால் நீர் சவ்வைக் கடக்கும். உப்பில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் பின்தங்கும். ‘ஆர். ஓ.’ என மக்கள் வழங்குவது இதனையே. வடமத்திய மாகாணத்திற் சிறுநீரக நோய்க்கு அஞ்சிய மக்கள் பலர் குடிப்பதும் இவ்வாறு பெற்ற நீரே.

நம் மாணவர் தம் வீட்டுப் பின்புறத்தில், வண்டலைத் தடுக்கும் வடி முதலாவதாகவும், கரி இரண்டாவதாகவும், சவ்வு மூன்றாவதாகவும், எஞ்சிய உப்பையும் கவரும் அயன் மாற்றுப் பிசின் இறுதியாகவும் அமைத்தார். கரி முன்னிற்றல் அவசியம். குளோரீன் சவ்வை அரித்துவிடும். அந்நீரை 600 லீற்றர் தாங்கியில் நிறைத்து வானில் ஏற்றினார். அதன் நிறை 600 கிலோகிராம். வளைவுகளில் நீர் அலைந்து வண்டியைப் புரட்டாவண்ணம் தாங்கியினுள்ளே தடுப்புக்கள் வைத்து, அதனை வண்டியின் அடித்தளத்தோடு இறுகப் பிணித்தார்.

ஒரு குறை எஞ்சிற்று. ஒரு லீற்றர் தூயநீர் பெற, மற்றொரு லீற்றரோ அதனினும் மிகுதியாகவோ உப்போடு கழிவாகும். “அயலார் தண்ணீருக்குத் தவிக்கும் வரட்சியில் நான் இப்படிக் கொட்டலாமா, ஐயா?” என ஒருநாள் நம்மிடம் வினவினார். கழிவுநீரை வண்டி கழுவவும் மலசலகூடத்துக்கும் பயன்படுத்தலாயினார். அதனோடமையாது, கூரைக்குப் பீலி பொருத்தினார். 50 சதுர மீற்றர்க் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர் வரும். முதல் நீரை ஒழுகவிட்டுப் பின்வருவதை ஏந்தினால், வடியும் பிசினும் போதும். சவ்வும் வேண்டா, கழிவும் இல்லை. தை தொடங்கிப் பங்குனிவரை மழை குறைந்த நாட்களில் மட்டுமே அவர் குழாய்நீரை நாடுகிறார். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர் முறைமையை வகுப்பிற் பன்முறை விளக்கியிருக்கிறோம். அதனைத் தம் கூரையிற் பொருத்தியவர் இவர்.

காலொடிந்த இளைஞர் இன்று நிலத்தில் நின்று கோல் பிடிக்கிறார். தந்தையார்க்கு நாம் சொன்னது இதுவே: “இரசாயனமும் கணக்கும் அயலார்மீது இரக்கமும் ஒருங்கே வேண்டும் தொழிலை, படித்த பிள்ளையன்றி வேறு யார் செய்வார்?” அவர் விடை கூறவில்லை, ஆயினும் மறுவாரம் பீலியைத் துப்புரவாக்கியவர் அவரே எனக் கேள்வியுற்றோம். இத்தகைய மாணவரையும் ஈன்ற நம் கல்லூரி நீடு வாழ்க.