யாருடைய தலை?

2010 பிப்ரவரி முதல் வாரத்தில் அந்தமானிலிருந்து கிளம்பிய ஒரு மரணச் செய்தியை உலகப் பத்திரிகைகள் ஏறக்குறைய ஒரே சொற்றொடரில் அறிவித்தன: 'தி லாஸ்ட் ஸ்பீக்கர் ஆஃப் போ'. ஜனவரி 26 அன்று போவா சீனியர் என்ற மூதாட்டி சுமார் 85 வயதில் காலமானார். அவரோடு போ என்ற மொழியும் முடிந்துபோயிற்று என்பது செய்தி.

தமிழ்ச் செய்தி மேஜைக்கு இது ஐந்து சொல் வேலை. ஆனால் கை வைத்தால்தான் சங்கடம் தெரியும். 'ஸ்பீக்கர்' என்பதைப் பேச்சாளர் என்று எழுதினால் மேடையும் மைக்கும் பொன்னாடையும் நினைவுக்கு வருகின்றன. போவா சீனியரோ, பெற்றோர் இறந்த பிறகு அந்த மொழியில் தன்னோடு பேச ஒருவர்கூட இல்லாமல் பல வருடங்களைக் கழித்தவர். 'போ மொழி' என்று எழுதினால் மொழியை யாரோ விரட்டுவதுபோல் இருக்கிறது. 'தி'யைப் பற்றி மட்டும் கவலை இல்லை. கடைசி என்று சொல்லிவிட்டாலே அது ஒருவர்தான் என்பது தமிழ் வாசகருக்குப் புரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் அப்படி விட்டுவிட முடியாது. எண்ணத்தக்க ஒரு பொருளின் பெயர் ஒருமையில் வரும்போது அதன் முன்னால் 'ஏ', 'தி', 'மை', 'திஸ்' என்று ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். பெயருக்குப் பின்னால் 'ஆஃப்', 'இன்', 'ஆன்' என்று கொக்கி போட்டு எத்தனை பெட்டிகளை வேண்டுமானாலும் மாட்டலாம். தீவில் உள்ள காட்டின் ஓரத்தில் இருக்கும் குடிசையின் கதவு என்று தமிழ் எழுதுவதை ஆங்கிலம் கதவிலிருந்து தொடங்கித் தீவில் கொண்டுபோய் முடிக்கும். தமிழில் பெயர் கடைசிப் பெட்டியில் வரும் கார்டு. ஆங்கிலத்தில் அதுவே இன்ஜினுக்கு அடுத்த பெட்டி. மொழிபெயர்ப்பாளரின் பாதி வாழ்க்கை இந்த ரயிலைத் திருப்பி நிறுத்துவதிலேயே போகிறது.

அந்தமான் என்ற பெயரே இந்த இலக்கணத்துக்குள் மாட்டிக்கொண்டதுதான். தீவுக்கூட்டங்களுக்கு 'தி' உண்டு, தனித் தீவுக்குக் கிடையாது என்பது பள்ளிக்கூட விதி. ஆகவே ஆங்கிலத்தில் 'தி அந்தமான்ஸ்' சரி, 'தி ஹேவ்லாக்' தவறு. (ஹேவ்லாக் 2018-இல் ஸ்வராஜ் தீவாகவும், போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரமாகவும் பெயர் மாறின. 'தி' இல்லாத நிலை மட்டும் மாறவில்லை.) தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கூலி வேலைக்குப் போனவர்களுக்கும், இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கும் அது வெறும் அந்தமான்தான்.

தொல்லை வேறு இடத்தில் வருகிறது. போவா சீனியர் பிறந்த இனத்தை ஆங்கிலம் 'கிரேட் அந்தமானீஸ்' என்கிறது. இதைப் 'பெரிய அந்தமானியர்' என்று எழுதினால் ஆட்கள் ஆஜானுபாகுவாகிவிடுகிறார்கள். 'கிரேட்' மனிதர்களைச் சேர்ந்ததல்ல, நிலத்தைச் சேர்ந்தது. வடக்கு, மத்திய, தெற்கு அந்தமான்களும் அவற்றை ஒட்டிய தீவுகளும் சேர்ந்தது பேரந்தமான். தெற்கே தனியாகக் கிடப்பது சிற்றந்தமான். பேரந்தமான்காரர்கள் என்பதுதான் பொருள். ஒரு அடைமொழி எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்பதை ஆங்கிலம் வாய்விட்டுச் சொல்வதில்லை. படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

அந்தப் பேரந்தமான்காரர்களின் மொழிகள் இந்த விஷயத்தில் எதையும் ஊகத்துக்கு விடாதவை.

1858-இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது அங்கே 10 இனக் குழுக்கள் இருந்தன. அவர்களுடைய பேச்சைக் குறித்துக்கொள்ள முயன்ற ஆங்கில அதிகாரிகளில் எட்வர்ட் ஹொரேஸ் மேன் முக்கியமானவர். உடலின் உறுப்புகளுக்குப் பெயர் கேட்டபோது அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஆங்கிலத்தில் 'மை' என்ற ஒரே சொல் என் தலைக்கும் என் கைக்கும் என் வாய்க்கும் போதும். இங்கே தலைக்கு ஒரு 'என்', கைக்கு வேறொரு 'என்', வாய்க்கு இன்னொன்று. 'ஒத்' என்ற முன்னொட்டு தலை, நெஞ்சு சார்ந்தது. 'அகா' வாய், நாக்கு சார்ந்தது. 'இக்' கண்ணுக்கு உரியது. வெறும் தலை என்று ஒன்று இல்லை. யாருடையது, உடம்பில் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லித்தான் பேச முடியும்.

இது உறுப்புகளோடு நிற்கவில்லை. நல்லது என்ற பொருள் தரும் 'பேரிங' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு அந்தமானின் அகா-பேயா மொழியில் அதன் முன்னால் கைக்கான ஒட்டைச் சேர்த்தால் கெட்டிக்காரர். கண்ணுக்கான ஒட்டு சேர்ந்தால் கூர்ந்த பார்வை உள்ளவர். வாய்க்கானது சேர்ந்தால் பல மொழி பேச வல்லவர். தலை-நெஞ்சுக்கானது சேர்ந்தால் நல்லொழுக்கம் உள்ளவர். 'யோப்' என்ற மென்மைக்கும் அப்படியே. பஞ்சணைக்கு ஒரு ஒட்டு, வளையும் பிரம்புக்கு ஒன்று, கூரான குச்சிக்கு ஒன்று, விழுந்து உளுத்துப்போன மரத்துக்கு ஒன்று. உடம்பையே அளவுகோலாக்கி உலகத்தை அளந்திருக்கிறார்கள்.

இப்போது அந்தச் செய்தித் தலைப்புக்குத் திரும்பலாம். போவா சீனியர் பேசிய மொழியின் முழுப்பெயர் அகா-போ. 'அகா' என்பது மேலே சொன்ன அதே வாய்க்கான ஒட்டு. போ மக்களின் வாய்மொழி என்ற பொருள் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பு அதை வெட்டிவிட்டு, முன்னால் 'தி'யையும் நடுவில் 'ஆஃப்'பையும் வைத்தது. அறிஞர்களும் சுருக்கத்துக்காக அப்படி எழுதுவது உண்டு, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தமிழில் எழுதியவர்களுக்குப் 'போ' மட்டுமே கிடைத்தது. அகா-போ என்று எழுதியிருந்தால் மொழியை விரட்டும் சங்கடமாவது மிச்சமாகியிருக்கும்.

இந்த மொழிகளில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபம். மேன் மொழிபெயர்க்க, ரிச்சர்ட் கார்னக் டெம்பிள் முன்னுரையும் குறிப்பும் எழுதி, 1877-இல் கல்கத்தாவில் வெளியானது. அந்த ஜெபத்தின் தொடக்கமே 'எங்கள்' என்ற உடைமைச் சொல், தந்தை என்ற பெயர், வானுலகம் என்ற இடம் மூன்றும் சேர்ந்த ஒரு விளி. ஆங்கிலம் தந்தையில் தொடங்கி வானத்துக்குப் போகிறது. தமிழ் விவிலியம் வானத்தில் தொடங்கித் தந்தையிடம் வருகிறது. அந்தமான் மொழியும் தமிழைப்போல் இடப்பெயருக்குப் பின்னால் உருபு சேர்க்கும் மொழி. அதே 1877-இல்தான் தட்டம்மை அந்த மக்களை வாரிக்கொண்டு போனது. 1901 கணக்கெடுப்பில் மிஞ்சியிருந்தவர்கள் 625 பேர், 1961-இல் 19 பேர். ஜெபத்தை வாசிக்க வேண்டியவர்கள் அதை எழுதியவர்களின் வேகத்துக்குக் காத்திருக்கவில்லை.

டெம்பிள் பின்னாளில் அந்தமானின் தலைமை ஆணையரானார். லத்தீன் வழியில் வந்த ஐரோப்பிய இலக்கணம் இந்த மொழிகளுக்குப் பொருந்தாது என்று கண்டு, பொதுவான இலக்கணக் கோட்பாடு ஒன்றைத் தாமே வகுத்து 1899-இல் கட்டுரையாக வெளியிட்டார். நேர்மையான முயற்சி. ஆனால் தலைப்பில், அந்தக் கோட்பாடு பொருத்திப் பார்க்கப்பட்டது 'காட்டுமிராண்டி மொழிகளின் ஒரு தொகுதி'யில் என்று எழுதினார். நல்ல என்ற ஒரு சொல்லுக்கு நாலு நுட்பமான வேறுபாடு காட்டும் மொழியின்மேல் அந்த அடைமொழி எப்படி ஒட்டியது? ஒரு பெயரின் முன்னால் அடைமொழியை ஒட்டுவதற்கு ஆங்கிலம் காரணம் கேட்பதில்லை. (தமிழும்தான் கேட்பதில்லை.)

தமிழருக்கு இந்த உடைமை ஒட்டு அதிசயமாகத் தோன்ற வேண்டியதில்லை. சங்கத் தமிழில் வெறும் தாய் கிடையாது. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவன் அல்லது அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தை மூன்றும் அப்படியே. எங்கை, நுங்கை, தங்கை என்பதும் அதே கணக்கு. தம்பியில் இருப்பதும் 'தம்'தான். நுந்தை என்ற ஒரு முறைப்பெயருக்காகவே, சொல்லின் முதலில் குற்றியலுகரம் வரலாம் என்று தொல்காப்பியம் தனியாக இடம் ஒதுக்குகிறது. உறவைப் பெயராகச் சொல்லும்போதே அது யாருடைய உறவு என்பதும் சொல்லப்பட்டுவிடும்.

காலப்போக்கில் தன்மையும் முன்னிலையும் வழக்கொழிந்து படர்க்கை மட்டும் மிஞ்சியது. 'என் தந்தை' என்று இன்று எல்லோரும் எழுதுகிறோம். பழைய கணக்கில் பார்த்தால் அது 'என் அவனப்பன்'. யாரும் சிரிப்பதில்லை, ஒட்டு செத்து வெகுகாலம் ஆகிவிட்டது.

உடம்பைக் கொண்டு இடம் சொல்வதும் தமிழுக்குப் பழக்கமே. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குச் சொல்லும் உருபுகளில் முதலில் வருவது 'கண்'. அதே பட்டியலில் 'கால்' உண்டு, 'தலை'யும் உண்டு. ஆங்கிலத்தின் 'இன் ஃப்ரன்ட் ஆஃப்' என்பதிலுள்ள 'ஃப்ரன்ட்' லத்தீனில் நெற்றி. எல்லா மொழிகளும் எங்கோ ஒருகாலத்தில் உடம்பிலிருந்து நடந்து வந்தவைதான் போலிருக்கிறது. பேரந்தமானில் அந்த வழி மூடாமல் இருந்தது.

அது எவ்வளவு தூரம் திறந்திருந்தது என்பது 2005-க்குப் பிறகுதான் தெளிவாயிற்று. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அன்விதா அப்பி, எஞ்சியிருந்த சிலரோடு உட்கார்ந்து இந்த மொழியைப் பதிவு செய்தார். அப்போது பேசப்பட்டது பழைய மொழிகள் பல கலந்து, ஜேரோ என்ற மொழியை ஒட்டி உருவான பேச்சு. அதிலும் ஏழு உடல் வகுப்புகள் உயிரோடு இருந்தன. பெயரில் மட்டுமல்ல, வினையிலும் இடத்தைக் குறிக்கும் சொற்களிலும்கூட அவை ஒட்டி நின்றன. உடலுக்குள் கசியும் ரத்தத்துக்கு ஒரு முன்னொட்டு, விரல் வெட்டுப்பட்டு வழியும் ரத்தத்துக்கு வேறொன்று. டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு இலக்கணமே பதில் சொல்லிவிடும். அப்பிக்கு ஆசான்களில் முக்கியமானவர் நாவோ ஜூனியர். அவர் 2009 பிப்ரவரியில் இறந்தார்.

அகராதி தயாரிக்கும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் எழும். அகராதி என்பது சொற்களைத் தனித்தனியாக நிறுத்தும் இடம். தனியாக நிற்காத சொல்லை எந்த எழுத்தில் வைப்பது? ஒட்டோடு சேர்த்தால் எல்லா உறுப்புகளும் ஏழெட்டு எழுத்துக்குள் குவிந்துவிடும். ஒட்டை நீக்கினால் பேசியவர்கள் வாயால் சொல்லாத ஒரு சொல் அச்சில் நிற்கும். அகா-பேயாவுக்கு அகராதி தொகுத்த மேன் முதல் 2012-இல் பேரந்தமான் அகராதியை வெளியிட்ட அப்பி வரை யாருக்கும் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் தலை என்று ஒரு பதிவைத் தொடங்கவே முடியாது.

2009 நவம்பரில் போரோ என்ற பெண்மணி இறந்தார், அவர் 'தி லாஸ்ட் ஸ்பீக்கர் ஆஃப் கோரா'. இரண்டு மாதத்தில் போவா சீனியர். 2020 ஏப்ரலில், நாடே ஊரடங்கில் இருந்தபோது, லீச்சோ இறந்தார். இந்தமுறை 'ஆஃப்'புக்குப் பின்னால் வந்த பெயர் சாரே. அதன் முன்னாலிருந்த அகா பெரும்பாலான செய்திகளில் இல்லை. பேரந்தமான் குழந்தைகள் இன்று பேசுவது இந்தி. அதில் தலைக்குச் 'சிர்' என்று சொன்னால் போதும், முன்னால் எதையும் ஒட்ட வேண்டியதில்லை.